ஷேடோஸ் வாசித்ததிலேயே எது மோசம்? ரசிகர்கள் சண்டை போடும் கேள்விகளும் என் பதில்களும்

ஷேடோஸ் யார் என்றே தெரியாதவர்களுக்கு?

இங்கிலாந்தின் வாத்திய இசைக் குழு. 1958-ல் பாடகர் க்ளிஃப் ரிச்சர்டுக்குப் பின்னால் நின்று வாசிக்கச் சேர்ந்தவர்கள் (ஆமாம், லக்னோவில் பிறந்த அதே க்ளிஃப்). முதலில் ‘டிரிஃப்டர்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு பிரபலமான குழு இருந்ததால் 1959-ல் ‘ஷேடோஸ்’ ஆனார்கள். மெட்டை வாசிக்கும் லீட் கிட்டார் ஹாங்க் மார்வின், பின்னால் தாளத்தோடு மீட்டும் ரிதம் கிட்டார் புரூஸ் வெல்ச், பேஸ் கிட்டார் ஜெட் ஹாரிஸ், ட்ரம்ஸ் டோனி மீஹன்.

1960-ல் இவர்களுடைய ‘அபாச்சி’ பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அது கீழே தள்ளியது க்ளிஃப்பின் ‘ப்ளீஸ் டோன்ட் டீஸ்’ பாட்டை. அதிலும் பின்னால் வாசித்தவர்கள் இவர்களேதான். முதலாளியை அவருடைய சமையல்காரரே பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி.

பாட்டு வரியே கிடையாது. இதில் ‘பிடிக்காத பாட்டு’ என்று சண்டை போட என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. வரி மோசம், குரல் சரியில்லை, உச்சரிப்பு கேவலம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மிஞ்சுவது மெட்டும் அதன் ஒலியும், நாலு பேர் ஒருவரை ஒருவர் காதில் வாங்கிக்கொண்டு வாசிக்கிற விதமும்தான். அதனால் சண்டை சீக்கிரமே நுணுக்கத்துக்குப் போய்விடும். ‘அந்த எக்கோ இரண்டாவது மீட்டலில் கொஞ்சம் லேட்டாகத் திரும்புகிறது பார்’ என்று ஒருவர் ஆரம்பித்தால் அன்றைய சாயங்காலம் அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஷேடோஸ் ரசிகர்களில் பெரும்பாலோர் சும்மா கேட்பவர்கள் அல்ல, வாசிப்பவர்கள். ஐரோப்பாவில் பல ஊர்களில் ரசிகர் சங்கம் என்றாலே ஆளுக்கொரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, முறைவைத்து மேடையேறி அதே மெட்டுகளை வாசிப்பதுதான். இப்படிப்பட்டவர்கள் ஒரு பாட்டைப் பிடிக்கவில்லை என்று சொன்னால், விரல் நுனியில் காய்ப்பு வைத்துக்கொண்டு சொல்கிறார்கள்.

எல்லாரும் சேர்ந்து திட்டுவது எதை?

1986-லிருந்து வந்த ஆல்பங்களை. ‘மூன்லைட் ஷேடோஸ்’ (1986), ‘சிம்ப்ளி ஷேடோஸ்’ (1987), ‘ஸ்டெப்பின் டு தி ஷேடோஸ்’ (1989), ‘ரிஃப்ளெக்‌ஷன்’ (1990). பெரும்பாலும் மற்றவர்களின் ஹிட் பாட்டுகள். ஸ்டீவி வொண்டர் பாடிய ‘ஐ ஜஸ்ட் கால்டு டு சே ஐ லவ் யூ’, போலீஸ் குழுவின் ‘எவ்ரி ப்ரெத் யூ டேக்’ இவையெல்லாம் குரலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஹாங்கின் கிட்டாரை வைத்து, அடியில் கீபோர்டை மெத்தை மாதிரி விரித்துப் போட்டவை. ‘ஓட்டல் வரவேற்பறையில் சாவிக்குக் காத்திருக்கும்போது ஓடுகிற இசை’ என்பது ரசிகர்களின் வழக்கமான வசை. அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

இது எப்படி வந்தது என்பதுதான் சுவாரஸ்யம். 1968-ல் குழு ஒருமுறை கலைந்து, எழுபதுகளில் திரும்பச் சேர்ந்தது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1977-ல் பழைய ஹிட்டுகளைத் தொகுத்து ‘20 கோல்டன் க்ரேட்ஸ்’ என்று வெளியிட்டார்கள். ஆறு வாரம் முதலிடம். அடுத்து ‘டோன்ட் க்ரை ஃபார் மி ஆர்ஜென்டினா’ மெட்டை வாசித்தார்கள். அது ஐந்தாம் இடம்வரை போனது. ‘தி டியர் ஹன்டர்’ படத்தின் ‘காவட்டினா’ 1979-ல் ஒன்பதாம் இடம். அதே வருடம் ‘ஸ்ட்ரிங் ஆஃப் ஹிட்ஸ்’ ஆல்பம் முதலிடம். கடையில் எது விற்கிறது என்று தெரிந்துவிட்டது, அப்புறம் அதையே வறுத்தெடுத்தார்கள். 1980-ல் இ.எம்.ஐ. கம்பெனியை விட்டு பாலிடோர் கம்பெனிக்குப் போன பிறகு, பத்தே வருடத்தில் ஒரு சூத்திரம் கெட்டியாகிவிட்டது. ‘மூன்லைட் ஷேடோஸ்’ ஆறாம் இடம்வரை ஏறியதால் சூத்திரத்தைக் குறை சொல்லவும் ஆளில்லை.

சரி, ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் கேட்ட ஷேடோஸ் இதுதான். கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா கொண்டுவந்த கேசட். பன்னிரண்டு வயதில் ‘எவ்ரி ப்ரெத் யூ டேக்’ என் காதுக்குத் தேவகானமாக இருந்தது. அசல் பாட்டைப் பிற்பாடு கேட்டபோது, ‘யாருடா இது நடுவில் பாடிக் கெடுக்கிறான்’ என்றுதான் தோன்றியது.

மற்றவர் மெட்டை வாசித்ததுதான் குற்றமா?

இல்லை. இந்த வாதத்தை வைப்பவர்கள் ‘அபாச்சி’யையே மறந்துவிடுகிறார்கள். அதை எழுதியவர் ஜெர்ரி லோர்டன். சுற்றுப்பயணத்தில் கூட வந்தவர், யூகலேலி என்ற குட்டிக் கிட்டாரில் வாசித்துக் காட்டினார். அதற்கு முன்பே பெர்ட் வீடன் என்ற கிட்டார் கலைஞர் அதைப் பதிவு செய்துவிட்டார். ‘கோன்-டிக்கி’ மைக்கேல் கார் எழுதியது. ‘ஒண்டர்ஃபுல் லேண்ட்’ மறுபடி லோர்டன். ‘டான்ஸ் ஆன்’ வெளியாட்கள் எழுதியது. முதலிடத்துக்குப் போன ஐந்து சிங்கிள்களில் (பக்கத்துக்கு ஒரு பாட்டு வரும் சிறு இசைத்தட்டுகள்) இவர்களே எழுதியது ‘ஃபுட் டாப்பர்’ ஒன்றுதான். அதைப் பற்றிக் கீழே வருகிறேன், அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது.

ஆக மெட்டு யாருடையது என்பது பிரச்சினையே அல்ல. ‘அபாச்சி’யை வீடன் வாசித்ததற்கும் இவர்கள் வாசித்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் முழு விஷயமும். முதலில் ஒரு மேளம் வரும். அதைத் தட்டியவர் க்ளிஃப் ரிச்சர்டு. அதன்மேல் புரூஸ் அகௌஸ்டிக் கிட்டாரில் குதிரை ஓட்டம் மாதிரி ஒரு மீட்டல் கொடுப்பார். பிறகுதான் ஹாங்க் வருவார், எக்கோவோடு, அவசரமே இல்லாமல். நாலு பேரும் என்ன செய்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணிச் சொல்லலாம். யார் வந்தாலும் இந்த இடத்தில் இதைத்தான் வாசித்திருப்பார்கள் என்று ஒரு இடத்திலும் தோன்றாது. 1986-லிருந்து வந்த ஆல்பங்களில் எனக்கு எல்லா இடத்திலும் அப்படித்தான் தோன்றுகிறது.

அப்போ பாடிய பாட்டுகள்? வாத்தியக் குழு வாயைத் திறந்தால் அதுதான் மோசம் என்கிறார்களே?

இதைச் சொல்கிறவர்களுக்கு வரலாறு தெரியாது. அல்லது தெரிந்தும் மறைக்கிறார்கள். இவர்கள் ஆரம்பித்ததே பாடித்தான். 1959-ல் வந்த ‘ஃபீலின் ஃபைன்’, ‘சாட்டர்டே டான்ஸ்’ இரண்டும் பாடல்கள். நடுவில் ‘ஜெட் ப்ளாக்’ என்று ஒரு வாத்திய இசை. மூன்றும் எடுபடவில்லை. ‘அபாச்சி’ மட்டும் ஓடாமல் போயிருந்தால் இன்னொரு பாடகர் கூட்டமாகவே காணாமல் போயிருப்பார்கள். க்ளிஃப்புக்குப் பின்னால் ஹார்மனி பாடியதும் இவர்கள்தானே.

1965-ல் ‘மேரி ஆன்’ பதினேழாம் இடம். அதே வருடம் ‘டோன்ட் மேக் மை பேபி ப்ளூ’ பத்தாம் இடம். இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிட்டார் கனமாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். குரல்கள் அதன்மேல் சுத்தமாக உட்காரும். இதைப் ‘பிடிக்காத பாட்டு’ பட்டியலில் போடுகிறவர்களோடு நான் பேச்சை வளர்ப்பதில்லை.

உண்மையான தகராறு 1975-ன் யூரோவிஷன், நாடுகளுக்கிடையே நடக்கும் பாட்டுப் போட்டி. பிரிட்டன் சார்பில் ஷேடோஸை அனுப்பினார்கள். வாத்திய இசைக்காகவே உலகம் அறிந்த ஒரு குழுவை, பாடச்சொல்லி! பாட்டு ‘லெட் மி பி தி ஒன்’. இடம் ஸ்டாக்ஹோம், மார்ச் 22. நேரடி ஒளிபரப்பு. ஆரம்பத்திலேயே புரூஸ் வெல்ச்சுக்கு வரி தவறிவிட்டது. அந்த இடத்தில் அவர் முகத்தைப் பாருங்கள். பரீட்சை ஹாலில் படித்ததெல்லாம் மறந்த பையனின் முகம். அடுத்த நொடியே சமாளித்துப் பாட்டுக்குள் வந்துவிடுகிறார். 138 புள்ளிகள், இரண்டாம் இடம். நெதர்லாந்தின் டீச்-இன் குழு 152 எடுத்து ஜெயித்தது.

பாட்டு மோசமா? மோசமில்லை. யூரோவிஷனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை, இவர்கள் தோளில் தொங்கியது. கேட்டு முடித்ததும் ஹம் பண்ண வரும், ஆனால் ஹாங்க் மார்வின் என்கிற ஒரு ஆள் அந்த மேடையில் எதற்கு நின்றார் என்ற கேள்வியும் கூடவே வரும். அந்த நேரத்தில் குழுவில் இருந்த ஜான் ஃபாரர் பிற்பாடு ‘க்ரீஸ்’ படத்துக்கு ‘யூ ஆர் தி ஒன் தட் ஐ வான்ட்’ எழுதினார். திறமைக்குப் பஞ்சமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

‘ஒண்டர்ஃபுல் லேண்ட்’டைக்கூடப் பிடிக்காதவர்கள் உண்டாமே?

உண்டு, நானே இரண்டு பேரோடு சண்டை போட்டிருக்கிறேன். 1962-ல் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்த மெட்டு. நால்வர் வாசித்ததன்மேல் தயாரிப்பாளர் நாரி பாரமோர் பிறகு வயலின்களையும் ஹார்ன்களையும் சேர்த்தார். ‘அங்கேதான் கெட்டது, அந்த வயலின்தான் 1986-க்கு விதை போட்டது’ என்பது அவர்கள் கட்சி.

வாதத்தில் ஒரு துளி நியாயம் இருக்கிறது, அதனால்தான் எரிச்சல் வருகிறது. ஆனால் போய்க் கேளுங்கள். வயலின் தூரத்தில், மலைக்கு அந்தப்பக்கம் நிற்கிறது. முன்னால் நாலு பேர் நாலு பேராகவே இருக்கிறார்கள். சாம்பாரில் வெல்லம் போடுவது வேறு, சாம்பாரைப் பாயசமாக்குவது வேறு. இதைச் சொன்னதற்கு, ‘எங்கள் வீட்டுச் சாம்பாரில் வெல்லமே கிடையாது’ என்று அவரில் ஒருவர் பதில் சொன்னார். அதற்கு மேல் என்ன பேசுவது?

‘ஃபுட் டாப்பர்’?

‘சம்மர் ஹாலிடே’ படத்துக்காக. 1963 மார்ச்சில் ஒரே ஒரு வாரம் முதலிடம். முன்னாலும் பின்னாலும் அந்த இடத்தில் இருந்தது க்ளிஃப்பின் ‘சம்மர் ஹாலிடே’ பாட்டே. ‘குழந்தைகள் நிகழ்ச்சிக்கு வாசித்த மாதிரி இருக்கிறது’ என்பது குற்றச்சாட்டு. ஆமாம், இருக்கிறது. சந்தோஷமாக இருப்பது ஒரு குற்றமா? அடுத்த கேள்வி.

‘ரிதம் அண்ட் க்ரீன்ஸ்’ஸைக் காப்பாற்ற முடியுமா?

முடியாது. 1964-ல் பிரிட்டனே ரிதம் அண்ட் ப்ளூஸ் பைத்தியமாக அலைந்தபோது, அதைக் கிண்டல் செய்து இவர்கள் போட்ட கூச்சல். கூடவே அதே பெயரில் ஒரு குறும்படம் வேறு. இருபத்திரண்டாம் இடத்தோடு நின்றது. நண்பர்கள் ஒரு கல்யாண வீட்டு மாடியில் நடுராத்திரி அடிக்கும் லூட்டி மாதிரி, அங்கே இருந்தவர்களுக்கு மட்டும்தான் சிரிப்பு வரும். இதே 1964-ல்தான் ‘தி ரைஸ் அண்ட் ஃபால் ஆஃப் ஃப்ளிங்கல் பன்ட்’ என்று ஒரு அருமையான, சேறு படிந்த மாதிரி கனத்த வாசிப்பும் வந்தது, ஐந்தாம் இடம். ப்ளூஸ் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

ஜெட்டும் டோனியும் போன பிறகு வந்தது எல்லாமே இரண்டாம் தரம் என்கிறார்களே?

இது தனி மதம். இந்தக் கட்சிக்காரர்களிடம் பிடிக்காத பாட்டு எது என்று கேட்டால் பாட்டின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், தேதியைச் சொல்வார்கள். டோனி மீஹன் 1961 அக்டோபரில் போனார், ப்ரையன் பென்னெட் வந்தார். ஜெட் ஹாரிஸ் 1962 ஏப்ரலில் போனார், ப்ரையன் லாக்கிங் வந்தார். அடுத்த வருடமே லாக்கிங்கும் மதப்பணிக்காக விலகி, ஜான் ரோஸ்டில் வந்தார். முதலில் போன ஜெட்டும் டோனியும் சேர்ந்து ‘டயமண்ட்ஸ்’ என்று ஒன்று போட்டார்கள். அதுவும் லோர்டன் எழுதியதுதான். 1963 ஜனவரி கடைசியில் அது முதலிடத்துக்கு வந்தபோது இறக்கிவிட்டது எதைத் தெரியுமா? ஷேடோஸின் ‘டான்ஸ் ஆன்’. இந்த ஒரு வாரத்தை வைத்துக்கொண்டு அறுபது வருடமாக வாதாடுகிறார்கள்.

மீஹனின் ட்ரம்ஸில் ஒரு துள்ளல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். முதல் ஆல்பத்தில் ‘நிவ்ராம்’ கேட்டுப் பாருங்கள் (மார்வின் என்பதைத் திருப்பிப் போட்ட பெயர்). அதில் ஜெட்டின் பேஸ் தனியாக வந்து பேசும். அந்த இருவர் போனதும் அந்தச் சாயல் போனது. ஆனால் ‘அட்லாண்டிஸ்’ வந்தது அதற்குப் பிறகு, 1963-ல். ரோஸ்டில் வாசித்த காலத்தின் பேஸ் என் காதுக்கு எல்லாரையும்விட ஒரு படி மேல். தேதியை வைத்துப் பாட்டைத் தள்ளினால் இவையெல்லாம் போய்விடும்.

கிட்டாரை மாற்றியதால் ஒலி கெட்டது என்பது?

ஹாங்கின் சிவப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், 1959-ல் க்ளிஃப் அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது, பிரிட்டனுக்கு வந்த முதல் ஸ்ட்ராட் என்று சொல்லப்படுவது. 1964-ல் அதை வைத்துவிட்டு, பர்ன்ஸ் என்ற உள்ளூர்க் கம்பெனி இவருக்கென்றே செய்த கிட்டாருக்கு மாறினார். சுருதி நிற்க வேண்டும் என்பதில் புரூஸ் படுத்திய பாடும் அதற்கு ஒரு காரணம். ஸ்ட்ராட் கண்ணாடி, பர்ன்ஸ் வெண்கலம். எனக்குக் கண்ணாடிதான் பிடிக்கும், ஆனால் ‘ஃப்ளிங்கல் பன்ட்’ கண்ணாடியில் வாசிக்கக்கூடியது அல்ல.

குழுவுக்குள்ளேயே இந்தச் சண்டை இருந்ததா?

முதல் நாளிலேயே இருந்தது. ‘அபாச்சி’ பதிவானபோது தயாரிப்பாளர் பாரமோருக்குப் பிடித்தது மறுபக்கத்தில் இருந்த ‘குவார்ட்டர்மாஸ்டர்ஸ் ஸ்டோர்ஸ்’, ஒரு பழைய பட்டாளத்துப் பாட்டின் மெட்டு. அதையே முதல் பக்கமாகப் போட நினைத்தார். குழுவினர் ‘அபாச்சி’ என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் போட்டுக் காட்டினார், அவளும் ‘அபாச்சி’ என்றாள். அந்தப் பெண் வேறு மாதிரி சொல்லியிருந்தால் இந்தப் பக்கமே எழுதியிருக்க மாட்டேன்.

சுற்றி வளைத்தது போதும். உங்களுக்குப் பிடிக்காத ஒன்று எது?

‘ஐ ஜஸ்ட் கால்டு டு சே ஐ லவ் யூ’.

ஏன் என்று ரொம்ப நாள் எனக்கே தெரியவில்லை. ஹாங்க் மெட்டைத் தப்பாக வாசிக்கவில்லை. அந்த மனிதர் ஸ்ட்ராட்டின் அசைவுக் கம்பியைத் தொட்டு ஒரு ஸ்வரத்தை லேசாக வளைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கும். ஒருநாள் மின்சாரம் போன ராத்திரி, ஹெட்போனில் இவர்களுடைய பழைய மெட்டான ‘எஃப்.பி.ஐ.’யையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். ‘எஃப்.பி.ஐ.’யில் ஹாங்கைக் காதால் ஓரமாகத் தள்ளிவிட்டால் பின்னால் புரூஸ் நிற்கிறார். டிங்-டிக்-டிங்-டிக் என்று, அடித்த கம்பியை உள்ளங்கையால் உடனே அமுக்கி, கடைசிவரை ஒரே இழுவையாகக் கொண்டுபோகிறார். மற்றதில் ஹாங்கைத் தள்ளிவிட்டேன். பின்னால் கீபோர்டு இருந்தது. புரூஸைத் தேடினேன், தேடிக்கொண்டே இருந்தேன், பாட்டு முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து என் அளவுகோல் இதுதான்: புரூஸ் காதில் விழாவிட்டால் அது எனக்கு ஷேடோஸ் இல்லை. வயலின் வரட்டும், பாடட்டும், யார் மெட்டாகவும் இருக்கட்டும்.

எங்கள் தெருக் குழுவில் நான் வாசிப்பது ரிதம் கிட்டார் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம். இருபது வருடமாகக் கைதட்டல் முழுவதையும் லீட் வாசிப்பவன் வாங்கிக்கொண்டு போகிறான்.

புதிதாகக் கேட்க வருபவர் எதைத் தவிர்க்க வேண்டும்?

எதையும் தவிர்க்க வேண்டாம், வரிசையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 1961-ன் ‘தி ஷேடோஸ்’ ஆல்பம், அதோடு 1960-லிருந்து 64 வரையிலான சிங்கிள்கள். அப்புறம் ‘டோன்ட் மேக் மை பேபி ப்ளூ’. யூரோவிஷன் காட்சியைக் கட்டாயம் பாருங்கள், புரூஸின் முகத்துக்காக. ‘மூன்லைட் ஷேடோஸ்’ கடைசியில். அதைக் கேட்டுவிட்டு உங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனால் என்னிடம் வந்து சொல்லாதீர்கள், சித்தப்பாவிடம் சொல்லுங்கள். அவர் இன்னும் காரில் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார்.